நியூ வேகாஸ் ரிப்பேர் மாட்: கிட்டா, உதிரிபாகமா, தேய்மானமே வேண்டாமா?

நொய்யல் நாடோடி (திருப்பூர்)

ஃபால்அவுட் நியூ வேகாஸ் வீடியோ கேமை மறுபடி முதலில் இருந்து ஆடப்போகிறேன்ங்க, இந்த முறை ஹார்ட்கோர் என்கிற கடினமான மோடில். மற்ற மாட் (விளையாட்டை மாற்ற ரசிகர்கள் செய்து தருகிற கோப்பு) எல்லாம் முடிவாகிவிட்டது, பயன்படுத்தப் பயன்படுத்தத் தேய்கிற ஆயுதத்தையும் கவசத்தையும் சரிசெய்கிற ரிப்பேர் மட்டும் நிற்கிறது. விளையாட்டில் இருக்கிற வழி தெரிந்ததுதான்: ஒரு துப்பாக்கியைச் சரிசெய்ய அதே வகையில் இன்னொன்று வேண்டும், இல்லாவிட்டால் மொஜாவே அவுட்போஸ்டில் இருக்கிற மேஜர் நைட் மாதிரி ஆளிடம் காசைக் கொட்ட வேண்டும். ரிப்பேர் திறன் 50 வந்தால் ஒர்க்பெஞ்சில் வெப்பன் ரிப்பேர் கிட் செய்துகொள்ளலாம், ஆனால் அது ஆயுதத்துக்கு மட்டும், கவசத்துக்கு ஆகாது.

மாட்களில் மூன்று வகை கண்ணில் பட்டது. கவசத்துக்கும் கிட் சேர்த்துக் கொடுப்பது ஒன்று. வேண்டாத பொருளை உடைத்து உதிரிபாகம் எடுத்து, அதை வைத்துச் சரிசெய்ய விடுவது இன்னொன்று. தேய்மானத்தையே தூக்கிவிடுவது மூன்றாவது. ஆடியவர்கள் எது நல்லது என்று சொல்லுங்க.

வைண்டிங் கடை (கணபதி)

உதிரிபாகம்தான் தம்பி, யோசிக்கவே வேண்டாம். எங்கள் கடைக்கு எரிந்துபோன பம்ப்செட் மோட்டார் வந்தால், அதைச் சரிசெய்ய இன்னொரு முழு மோட்டார் கொண்டு வாருங்கள் என்று தோட்டத்துக்காரரிடம் கேட்போமா? காயில் போயிருந்தால் கம்பி சுற்றுவோம், பேரிங் போயிருந்தால் பேரிங் மாற்றுவோம். விளையாட்டில் என்ன நடக்கிறது, நல்லா இருக்கிற ஒரு சர்வீஸ் ரைஃபிளை முழுசாக விழுங்கித்தான் இன்னொன்று சரியாகிறது, அதுவும் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் முடிந்தது. உலகமே அழிந்து 200 வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அங்கே உயிரோடு இருக்கிறவன் ஸ்பிரிங்கையும் ஸ்குரூவையும் கழற்றி எடுத்து வைத்துக்கொள்ள மாட்டானா? உதிரிபாக மாட் போட்டால் பழைய கட்டிடத்துக்குள் நுழையும்போதே மேஜையில் கிடக்கிற ஒவ்வொன்றையும் பார்க்கிற கண் மாறிவிடும். ஸ்கிராப் மெட்டல், டக்ட் டேப், வொண்டர்குளூ எல்லாவற்றுக்கும் ஒரு வேலை வந்துவிடும்.

ராத்திரி ஷிப்ட்

அண்ணா, நீங்கள் பகலெல்லாம் அதே வேலையைப் பார்த்துவிட்டு ராத்திரியும் அதையே ஆசையாகச் செய்கிறீர்கள், சந்தோஷம். நான் ஸ்பின்னிங் மில்லில் இருந்து வந்து குளித்துச் சாப்பிட்டு உட்கார்ந்தால் கிடைப்பதே கொஞ்ச நேரம். அதில் பாதியை மெனுவுக்குள் நின்று எதை உடைக்கலாம், எதை வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை. நியூ வேகாஸின் உயிர் அதன் ஆட்கள், அவர்கள் பேச்சு, யார் பக்கம் நிற்பது என்கிற முடிவு. துப்பாக்கி துரு பிடித்ததா இல்லையா என்பது அதற்கு நடுவில் வந்து மறிக்கிறது. 2015-இல் வந்த ஃபால்அவுட் 4-இல் ஆயுதத் தேய்மானத்தையே எடுத்துவிட்டார்கள், யாரும் அழவில்லை. மூன்றாவது வகையைப் போடு மாப்ள, நிம்மதியாக ஆடு.

வைண்டிங் கடை (கணபதி)

ஃபால்அவுட் 4-இல் எடுத்தார்கள் சரி, 2018-இல் ஃபால்அவுட் 76 வந்தபோது ஏன் திரும்பக் கொண்டுவந்தார்கள்? அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஃபால்அவுட் 4-இலேயே பவர் ஆர்மர் உடையத்தான் செய்தது.

கூரியர் பையன் (பொள்ளாச்சி)

நேரத்தை வைத்துப் பேசுகிற ராத்திரி ஷிப்டின் பேச்சு நியாயம்தான், ஆனால் நியூ வேகாஸில் தேய்மானத்தைத் தனியாகப் பிடுங்க முடியாதுங்க, பல விஷயம் அதோடு கட்டிக் கிடக்கிறது.

லேசர் மாதிரி துப்பாக்கிக்குத் தோட்டாவாகப் போடுகிற மேக்ஸ் சார்ஜ் எனர்ஜி செல்லை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரிக்கு ஆகிற சேதம் அதிகம், அதற்குப் பதிலாகத் துப்பாக்கி வேகமாகத் தேயும். இதுதான் அங்கே பேரம். தேய்மானம் இல்லை என்றால் எந்த நஷ்டமும் இல்லாமல் கூடுதல் சேதம் கிடைக்கும், சாதாரண செல்லைப் போடவே காரணம் இருக்காது. அப்புறம் கூட வருகிற துணையாள் ரவுல். பிளாக் மவுன்டனில் இருந்து அவரை மீட்டுக் கூட்டி வருகிறோமே, அவர் கூட இருந்தால் பொருள் தேய்கிற வேகம் பாதியாகும், அவருடைய சொந்தக் கதையை முடித்து மெக்கானிக்காகவே இருக்கச் சொன்னால் இன்னும் குறையும். தன் கைத்தொழிலுக்கு இனி மதிப்பு உண்டா என்று கேட்கிற ஒரு வயதான மனிதரின் கதை அது. தேய்மானம் இல்லாத மாட்டில் அந்த முடிவுக்கு விளையாட்டில் எந்தப் பலனும் கிடையாது, வெறும் வசனமாக நின்றுவிடும். நீங்கள் சொன்ன அந்த ஆட்களும் பேச்சுமே இதனால் அடி வாங்குகிறது.

அண்ணனிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. ஜூரி ரிக்கிங் என்கிற பெர்க் (லெவல் ஏறும்போது எடுக்கிற சிறப்புச் சலுகை) வர லெவல் 14-உம் ரிப்பேர் 90-உம் வேண்டும். அது வந்ததும் மெட்டல் ஆர்மரை வைத்துப் பவர் ஆர்மரைச் சரிசெய்யலாம். அவ்வளவு புள்ளியை ரிப்பேரில் போட்டவனுக்குக் கிடைக்கிற பரிசு அது. உதிரிபாக மாட்டை முதல் லெவலில் இருந்தே போட்டால் எல்லோருக்கும் எல்லாமும் சரியாகும், அந்தப் பெர்க்கை யார் எடுப்பார்கள்?

வைண்டிங் கடை (கணபதி)

நல்ல உதிரிபாக மாட்டில் திறன் இல்லாமல் எதுவும் நடக்காதுங்க. திறன் குறைவாக இருந்தால் ஒரு பொருளை உடைக்கும்போது வீணாகப் போவது அதிகம், பெரிய ஆயுதத்துக்குப் பாகம் நிறைய கேட்கும். அப்படி வரம்பு வைக்காத மாட் என்றால் நானே வேண்டாம் என்பேன். தம்பி, எந்த மாட்டைப் பார்த்தாலும் அதன் விளக்கத்தில் ரிப்பேர் திறன் எங்கே வருகிறது என்று முதலில் தேடு. அந்தப் பேச்சே இல்லை என்றால் அதைத் தொடாதே.

அந்தப் பெர்க்கைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு. 90 வருகிறவரைக்கும் காயவிட்டு, வந்த பிறகு ஒரேயடியாக மடையைத் திறந்துவிடுகிறார்கள். பொருளின் விலை அதன் கண்டிஷனைப் பொறுத்தது இல்லையா, அதனால் மட்டமான துப்பாக்கிகளைப் போட்டு விலையுயர்ந்த ஒன்றை முழுசாக ஏற்றி விற்றால் கேப்ஸ், அதாவது அங்கே செல்லுகிற காசு, கொட்டும். அதற்குப் பிறகு பணத்துக்கு அர்த்தமே இல்லை. உதிரிபாகத்தில் முன்னேற்றம் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது.

ராத்திரி ஷிப்ட்

ரவுல் விஷயம் சரியான கேள்வி. ஆனால் எல்லோரும் ரவுலைக் கூட்டிக்கொண்டு போவதில்லை, நான் பூன் என்கிற ஸ்னைப்பரைக் கூட்டிக்கொண்டு போகிறவன். எடைக்கு என்ன சொல்கிறீர்கள்? ஹார்ட்கோரில் தோட்டாவுக்கே எடை உண்டு, தண்ணீர் வேண்டும், சாப்பாடு வேண்டும், இதற்கு மேல் ஸ்பிரிங்கும் பைப்பும் டப்பாவும் சுமந்தால் எங்கே போவது? ஹானஸ்ட் ஹார்ட்ஸ் என்கிற கூடுதல் கதைக்குள் நுழையும்போது 75 பவுண்டுக்கு மேல் கொண்டு போகக் கூடாது என்கிறார்கள். டெட் மணி என்கிற இன்னொரு கூடுதல் கதையில் கையில் இருக்கிற எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவார்கள், சேர்த்த பாகம் எல்லாம் வெளியேதான் கிடக்கும். கிட் ஒன்றை எடுத்துப் பையில் போட்டோமா, வேண்டும்போது பயன்படுத்தினோமா என்று போய்விடும்.

நொய்யல் நாடோடி (திருப்பூர்)

எடை எனக்கும் உறுத்துகிறது. அது போக நான் துப்பாக்கிப் பேக் (புது ஆயுதங்களைச் சேர்க்கிற மாட்) இரண்டு சேர்த்திருக்கிறேன், அதில் வருகிற புது ஆயுதங்களுக்கு இந்த மாட்கள் வேலை செய்யுமா?

கூரியர் பையன் (பொள்ளாச்சி)

இதைத்தான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். எது அழகு எது உண்மை என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

விளையாட்டின் கோப்பில் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் கவசத்துக்கும் ஒரு ரிப்பேர் பட்டியல் ஒட்டியிருக்கும், எதை வைத்து எதைச் சரிசெய்யலாம் என்று அதில் இருக்கும். பேக்கில் வருகிற புது ஆயுதத்துக்கு அதை உருவாக்கியவர் பட்டியல் கொடுக்காமல் விட்டிருந்தால், வேறொரு துப்பாக்கியைப் போட்டு அதைச் சரிசெய்ய முடியாது, ஆளிடமோ கிட்டிடமோதான் போக வேண்டும். பட்டியல் கொடுத்திருந்தாலும், அதே பட்டியலை உங்கள் ரிப்பேர் மாட்டும் திருத்தினால் லோட் ஆர்டரில், அதாவது மாட்கள் ஏறுகிற வரிசையில், கடைசியாக வருவது ஜெயிக்கும், முன்னால் இருப்பது செய்த மாற்றம் சத்தமில்லாமல் போய்விடும். மாட் கோப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கிற எஃப்என்வி எடிட் கருவியில் திறந்து பாருங்கள், மோதுகிற இடம் சிவப்பாகத் தெரியும். அதற்கு ஒரு பேட்ச் செய்வது பெரிய வேலை இல்லை, இரண்டு பட்டியலையும் சேர்த்து மூன்றாவதாக ஒரு சின்ன கோப்பு.

ஸ்கிரிப்டில் ஓடுகிற மாட் என்றால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் எக்ஸ்என்விஎஸ்இ என்கிற துணை நிரலைப் பெரும்பாலும் கேட்கும். அந்த மாட்டை ஆட்டத்தின் நடுவில் கழற்றாதீர்கள், சேவ் கோப்பில் அதன் மிச்சம் தங்கி எங்கேயோ போய்த் தொல்லை கொடுக்கும். ரிப்பேருக்கு இரண்டு மாட்டை ஒன்றாகப் போடவே போடாதீர்கள். கவசக் கிட்டும் உதிரிபாகமும் சேர்ந்தால் ஒன்றின் விலைவாசியை இன்னொன்று கெடுக்கும்.

என்னைக் கேட்டால், உங்கள் பட்டியலுக்குக் கவசக் கிட். புதிதாகச் சேர்வது ஒரு பொருளும் அதற்கான செய்முறையும் மட்டும்தான், யாருடைய பட்டியலையும் தொடாது, துப்பாக்கிப் பேக் எத்தனை போட்டாலும் கவலை இல்லை. செய்முறைக்கு ரிப்பேர் 50 கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள். 25-க்கே கொடுத்தால் எடிட்டரில் ஏற்றிவிடுங்கள்.

வைண்டிங் கடை (கணபதி)

கிட் என்றால் ஒரு டப்பாவுக்குள் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டார்கள், உள்ளே என்ன நடக்கிறது என்றே தெரியாது. என் மனசு அதில் ஒப்பவில்லை. பேட்ச் செய்யக் கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும், உதிரிபாகத்தில் கிடைக்கிற ருசியே வேறு.

நொய்யல் நாடோடி (திருப்பூர்)

அண்ணா கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்த ஆட்டத்துக்குக் கவசக் கிட்டைப் போடுகிறேன், பேக் இரண்டையும் விட மனசு இல்லை. செய்முறையில் மட்டும் லெதர் பெல்ட் சேர்த்து, ரிப்பேர் 60 என்று மாற்றிக்கொள்கிறேன், கவசம் துப்பாக்கியை விடச் சுலபமாகக் கிடைக்கக் கூடாது. பேக் எதுவும் இல்லாமல் ஆடும்போது உதிரிபாகம்தான்.

ராத்திரி ஷிப்ட்

60-ஆ? லெவல் பத்து வரைக்கும் கிழிந்த லெதர் ஆர்மரோடு டெத்கிளா என்கிற பயங்கர மிருகத்திடம் போகப்போகிறாய் மாப்ள. தேய்கிற வேகத்தைக் குறைக்கிற மாட் ஒன்றாவது கூடப் போட்டுக்கொள், அது எதோடும் மோதாது.

கூரியர் பையன் (பொள்ளாச்சி)

அதற்குத் தேவையே இல்லைங்க. நியூ வேகாஸில் துப்பாக்கியின் கண்டிஷன் 75 சதவீதத்துக்குக் கீழே போகிறவரைக்கும் சேதம் குறையாது. முழுசாக 100-இல் வைத்திருக்க வேண்டும் என்று துடிக்கிறவர்களுக்குத்தான் காசும் கிட்டும் தீர்ந்துபோகிறது. 75-ஐ ஒட்டி வரும்போது மட்டும் கை வையுங்கள், ஆயுதக் கிட்டுக்குப் போகிற பொருளை மிச்சம் பிடித்துக் கவசக் கிட்டுக்கு வைத்துக்கொள்ளலாம்.