செடி வச்ச மீன்தொட்டியில் சேரும் வண்டலை விடலாமா, எடுக்கணுமா?

திருநகர் கப்பி:
அண்ணே, தொட்டி 2 அடி நீளம், அகலமும் உயரமும் 1 அடி. 2 இஞ்ச் ஆத்துமணல், வாலிஸ்னேரியா, கிரிப்டோகோரைன்னு ரெண்டு வகைச் செடி, 12 கப்பி மீன், கொஞ்சம் செர்ரி இறால், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஓட ஆரம்பிச்சு 6 மாசம். வேர்ப்பக்கம் பழுப்பு வண்டல் படிஞ்சு கிடக்கு, கிரிப்ட் இலை சிலது கரைஞ்சு விழுகுது. வாராவாரம் மணலுக்குள்ள டியூப் விட்டு உறிஞ்சுன்னு கடையில சொல்றாங்க. அப்படியே விட்டா செடிக்கு உரம்னும் சொல்றாங்க. எது சரி? பாதாம் இலையும் போடலாமா?

மேலூர் பாசி:
மக்கினது வேற, அழுகிட்டு இருக்கிறது வேற தம்பி. விரல் பட்டா புகையா எழும்புற பழுப்பு வண்டல் மக்கி முடிஞ்சது. மீன் கழிவுல வர்ற அமோனியாவைத் தின்கிற பாக்டீரியா அதுல குடியிருக்கு, இறாலுக்கும் மேய்ச்சல் அதுதான். வேரடியில இருக்கிறதைத் தொடாதீங்க. டியூபை மணலுக்குள்ள இறக்கினா கிரிப்ட் வேர் அறுந்து, இருக்கிற இலையும் கரையும்.

செடி இல்லாத முன்பக்கத்துல மட்டும், மணலுக்கு அரை இஞ்ச் மேல டியூபைப் பிடிச்சு உறிஞ்சுங்க. வாரம் 12 லிட்டர் தண்ணி மாத்துறப்பவே அது முடிஞ்சிரும். ஸ்பாஞ்சை அந்தப் பழைய தண்ணியிலயே பிழியுங்க. குழாய்த் தண்ணி குளோரின்ல பாக்டீரியா செத்துரும்.

கண்ணாடி மாதிரி ஆன கிரிப்ட் இலை திரும்பப் பச்சையாகாது, அடியோட கத்தரிச்சு எடுத்துருங்க. மிச்ச இரை, செத்த மீன், செத்த நத்தை எல்லாம் அன்னைக்கே வெளிய போகணும். மணல் கறுத்து கூமுட்டை நாத்தம் வந்தா மொத்தமா கிளறிராதீங்க, உள்ள அடைஞ்சிருக்கிற ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வெளிய வந்து மீனைக் கொல்லும். வாரத்துக்கு ரெண்டு இடம், குச்சியால மெதுவாக் குத்தினாப் போதும்.

போர்த்தண்ணி:
மேல சொன்னதெல்லாம் சரி, ஆனா நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு இன்னும் கறாரா இருக்கணும். 25 டிகிரித் தண்ணி லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும். 32 டிகிரியில 7.3 தான். அழுகல் வேகமும் கூடும், ராத்திரியில செடியும் ஆக்சிஜனை எடுக்கும். மாதாந்திரப் பராமரிப்புன்னு பகல் முழுக்க கரண்ட் போற அன்னைக்கு ஃபில்டரும் நிக்கும். பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு கட்டாயம் வேணும். போர்த்தண்ணின்னா பி.எச். (அமில, காரத் தன்மையோட அளவு) பாருங்க. 7-ல இருந்து 8-க்கு ஏறினா, அமோனியாவுல மீனைக் கொல்ற பங்கு கிட்டத்தட்ட 10 மடங்கு ஆகும். பங்குனியிலயே முன்பக்க வண்டலைக் குறைச்சு வைங்க.

மேலூர் பாசி:
ஆமாண்ணே, வெயில் காலத்துல அது ரொம்ப முக்கியம்.

பாதாம் இலைன்னா தானா உதிர்ந்து பழுத்துக் காய்ஞ்சதா எடுங்க, பச்சை இலை வேணாம். கழுவி 10 நிமிஷம் கொதிக்க வச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டுப் போடுங்க. இந்தத் தொட்டிக்கு உள்ளங்கை அளவு ஒண்ணு போதும். இறால் தின்னு நரம்பு மட்டும் மிஞ்சினதும் எடுத்துட்டு அடுத்தது. உப்பான போர்த்தண்ணியில இலை போட்டா பி.எச். இறங்கும்னு நம்பாதீங்க, நிறம்தான் டிகாஷன் மாதிரி ஆகும். அதிகமாப் போட்டா அடிச்செடிக்கு வெளிச்சம் குறையும். வேப்பிலை, அரளி இலை ரெண்டும் ஆகவே ஆகாது. கண்மாய்க் கரையில பொறுக்கின இலையும் வேணாம். தட்டான் புழு ஒண்ணு ஒட்டிட்டு வந்தாலும் கப்பிக் குஞ்சு மிஞ்சாது.

திருநகர் கப்பி:
நன்றிண்ணே. வாலிஸ்னேரியாவோட பழுத்த ஓர இலை?

மேலூர் பாசி:
அதையும் அடியோட எடுங்க. நடுவுல வெட்டினா வெட்டின நுனியில இருந்தே அழுகும்.