கணினியைப் போட்டதும் சில நேரம் மட்டும் டிஸ்க் இல்லை என்கிறது: உதவி தேவை

ரங்கூன் டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கோயில் தமிழ் வகுப்பில் ஒரு பழைய மேசைக் கணினி இருக்கிறது. விண்டோஸ் 10, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். காலையில் போட்டால் சில நாள் கறுப்புத் திரையில் "ரீபூட் அண்ட் செலக்ட் ப்ராப்பர் பூட் டிவைஸ்" என்று வந்து அப்படியே நிற்கிறது. சில நாள் ஒரு குறையும் இல்லாமல் விண்டோஸ் வந்துவிடுகிறது. நின்றுபோன நாளில் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் வந்துவிடும். ஒருமுறை வந்துவிட்டால் அன்று முழுக்கத் தொந்தரவே இல்லை.

இங்கே கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. போனால் ஜெனரேட்டர். கடையில் கேட்டேன், பார்க்காமலே புது டிஸ்க் மாற்றச் சொல்கிறார்கள். அந்த டிஸ்க்கில் பாடத்தாள்கள் எல்லாம் இருக்கின்றன, பாதி பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில், பாதி யூனிகோடில். அதோடு பழைய திருவிழா அழைப்பிதழ்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறோம். அவற்றின் அசல் தாள்கள் பல, மழைக்கால ஈரத்தில் நைந்து போய்விட்டன. போனால் திரும்பக் கிடைக்காது. என்ன செய்யலாம்?

மோல்மேன்வாசி:
டீச்சர், கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க் சி: /ஆர் கட்டளையைக் கொடுத்து இரவெல்லாம் ஓட விடுங்கள். அப்புறம் மதர்போர்டில் வட்டமான சிஆர்2032 பேட்டரி இருக்கும், அதையும் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்தால் எந்த டிஸ்க்கிலிருந்து தொடங்குவது என்பதையே பயாஸ் (விண்டோஸுக்கு முன் கணினியைத் தொடங்கி வைக்கும் மென்பொருள்) மறந்துவிடும்.

பெகு அண்ணன்:
டீச்சர், செக்டிஸ்க் இப்போது வேண்டவே வேண்டாம். தம்பி நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் அந்த /ஆர் டிஸ்க்கின் மூலை முடுக்கெல்லாம் படித்து, சந்தேகமான இடத்தைத் திருத்தியும் எழுதும். டிஸ்க் உண்மையிலேயே சாகக் கிடந்தால் அந்த வேலையே அதை முடித்துவிடும். கணினி நன்றாக எழுந்திருக்கும் ஒரு நாளில் முதலில் அழைப்பிதழ்களையும் பாடங்களையும் வெளி டிஸ்க்கில் எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பேட்டரி விஷயத்தில் தம்பி சொல்வதில் நியாயம் உண்டு. சுவரில் மின்சாரம் இருக்கும்வரை கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளைப் பெட்டியே கணினியின் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும். கரண்ட் போகும் ஊரில் அந்தப் பாரம் முழுக்கப் பேட்டரி மேல்தான், அதனால் சீக்கிரம் தீரும். ஆனால் அப்படித் தீர்ந்திருந்தால் தேதியும் நேரமும் பழைய வருடத்துக்குப் போயிருக்கும். உங்கள் கடிகாரம் சரியாக இருக்கிறதா?

நகல் எடுத்த பிறகு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு 05, சி5, சி6, சி7, 0ஏ என்ற வரிகளைப் பாருங்கள். 05, சி5, சி6 ஏறியிருந்தால் டிஸ்க்குக்குள் சுழலும் தட்டிலேயே பழுது. சி7 ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிள் சரியில்லை. 0ஏ என்பது டிஸ்க் சுழலத் தொடங்கி, முடியாமல் மறுபடி முயன்ற கணக்கு. எனக்கு அதன் மேல்தான் கண்.

இன்னொன்று. காலையில் முதல் தடவை போடும்போது நேரே பயாஸுக்குள் போய் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். பிறகு அங்கிருந்தே ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள்.

ரங்கூன் டீச்சர்:
அண்ணே, நகல் எடுத்துவிட்டேன், கோப்புகள் எல்லாம் திறக்கின்றன. கடிகாரம் சரியாகத்தான் இருக்கிறது. 05, சி5, சி6, சி7 நான்கிலும் சுழிதான். 0ஏ மட்டும் சுழி இல்லை. பயாஸில் காத்திருந்து ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒருமுறைகூட அந்தப் பிழை வரவில்லை. நேராகப் போட்டால்தான் வருகிறது. பக்கத்தில் காது வைத்துக் கேட்டேன். பிழை வரும் நாளில் "ஙொய்ய்" என்று சத்தம் ஏறி, பாதியில் இறங்கி, மறுபடி ஏறுகிறது.

பெகு அண்ணன்:
அந்தச் சத்தத்தைக் கேட்டு எழுதினீர்களே, அதுதான் பெரிய உதவி. தட்டிலும் கேபிளிலும் குறை இல்லை. டிஸ்க் வேகம் பிடிக்கத் திணறுகிறது. 3.5 அங்குல டிஸ்க் நின்ற நிலையிலிருந்து நிமிடத்துக்கு 7200 சுற்றுக்கு ஏற சில நொடிகள் ஆகும். அந்த நேரத்தில் 12 வோல்ட் கம்பியிலிருந்து 2 ஆம்பியர் வரைகூட இழுக்கும், ஓடத் தொடங்கிய பிறகு அதில் சிறு பங்குதான். மின்சாரம் போதாவிட்டால் பாதியில் விட்டுவிட்டு மறுபடி முயலும். அதற்குள் பயாஸ் கேட்டுப் பார்த்துவிட்டு, பதில் இல்லாததால் டிஸ்க்கே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறது. கண்ட்ரோல்+ஆல்ட்+டெலீட் மின்சாரத்தை நிறுத்துவதில்லை, தட்டு சுழன்றுகொண்டே இருக்கும், அதனால்தான் இரண்டாம் தடவை உடனே பதில் சொல்கிறது.

ஆக, குறை டிஸ்க் மோட்டாரில் இருக்கலாம், அல்லது பவர் சப்ளையில் இருக்கலாம். தெரிந்த எலக்ட்ரீஷியன் யாராவது இருந்தால், சும்மா தொங்கும் நாலு கம்பி இணைப்பில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே மீட்டர் வைத்து, கணினியைப் போடும் அந்த நொடியில் பார்க்கச் சொல்லுங்கள். 11.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. முடிந்தால் வேறு கணினியின் பவர் சப்ளையை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள், அதைவிட நல்ல சோதனை கிடையாது. பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

ரங்கூன் டீச்சர்:
அண்ணே, கோடு போட்டுச் சொன்ன மாதிரி இருக்கிறது! பழைய பவர் சப்ளையில் போட்டவுடன் 10.9 வரை இறங்கி, பிறகு மெல்ல 11.8க்கு வந்தது. இரவல் வாங்கியதில் 12ஐ விட்டு அசையவில்லை. ஒரு வாரமாகப் பிழையும் இல்லை, 0ஏ கணக்கும் ஏறவில்லை. புது பவர் சப்ளை வாங்கப் போகிறோம். டிஸ்க்கை அப்படியே வைத்துக்கொள்ளலாமா?

பெகு அண்ணன்:
வைத்துக்கொள்ளலாம். ஆனால் நகல் எப்போதும் கூடவே இருக்கட்டும். பெயர் தெரியாத மலிவு பவர் சப்ளை வேண்டாம் டீச்சர், மேலே 500 வாட் என்று ஒட்டியிருந்தாலும் உள்ளே அவ்வளவு இருக்காது. தூக்கிப் பார்த்தாலே கனம் சொல்லிவிடும். ஜெனரேட்டரும் ஊர்க் கரண்டும் மாறும் இடத்தில் கணினி ஓட வேண்டுமென்றால் யூபிஎஸ் ஒன்றும் அவசியம். பணம் சேர்ந்தால் விண்டோஸை ஒரு சிறிய எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். அதில் சுழல எதுவும் இல்லை, இந்த வியாதியே வராது.

மண்டலே தம்பி:
அக்கா, நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். அந்த வெளி டிஸ்க்கும் கணினி இருக்கும் அதே அறையில்தானே இருக்கிறது? 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் இங்கே கட்டடத்தோடு போன கணினிகள் ஏராளம். இன்னொரு நகலை வேறு ஊரில் வையுங்கள். இங்கே எங்கள் வீட்டில் வைக்கவும் சம்மதம்.

ரங்கூன் டீச்சர்:
அதே அலமாரியில்தான் இருக்கிறது தம்பி. இன்னொரு டிஸ்க் வாங்கி நகல் எடுத்து, மண்டலே வருகிற ஆள் கையில் கொடுத்தனுப்புகிறேன். அழைப்பிதழ்களை வருட வாரியாகப் பிரித்து வைக்கிறேன். உங்கள் பக்கத்துக் கோயில் தாள்கள் இருந்தால் அதே டிஸ்க்கில் சேர்த்துவிடுங்கள்.