அன்சிப் கட்டளையில் டேப் அழுத்தினால் கோப்பை விட்டுவிட்டுக் கோப்புறையைப் பிடிக்கிறது. ஏன்?

முனையவாசி:
லினக்ஸில் பாஷ் ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்). ஒரே இடத்தில் “அறிக்கை” என்ற சிப் கோப்பும் “அறிக்கை_பழையது” என்ற கோப்புறையும் இருக்கின்றன. பெயர்களைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையில் “எல்எஸ் அறி” வரை தட்டி டேப் அழுத்தினால் “அறிக்கை” என்று நிரப்பி நிற்கிறது. இன்னும் இருமுறை அழுத்தினால் இரண்டையும் பட்டியலிடுகிறது. சரிதான். ஆனால் சிப் கோப்பை விரிக்கும் அன்சிப்பில் “அன்சிப் அறி” என்று தட்டி டேப் அழுத்தினால் எதையும் கேட்காமல் “அறிக்கை_பழையது/” என்று முடித்துவிடுகிறது. கோப்பின் பெயரைக் கையால் முழுவதும் தட்டினால் அன்சிப் ஒழுங்காக விரிக்கிறது. கோப்பு இருக்கிறது, அனுமதியும் இருக்கிறது. டேப்புக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?

கருந்திரை:
ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் பொருந்தினால் முதல் டேப் பட்டியல் தராது. விசைகளின் நடத்தையை வகுக்கும் இன்புட்ஆர்சி கோப்பில் ஷோ-ஆல்-இஃப்-ஆம்பிகுவஸ் அமைப்பை ‘ஆன்’ செய்து பாருங்கள்.

முனையவாசி:
செய்தேன். எல்எஸ்ஸுக்கு முதல் டேப்பிலேயே பட்டியல் வருகிறது, நல்ல வசதி. அன்சிப் மட்டும் மாறவில்லை.

பழைய_ஷெல்:
மாறாது. பொருந்துவது ஒன்றே ஒன்று என்று அது முடிவு கட்டிவிட்டதே, பட்டியலுக்கு இடமேது? உங்கள் கோப்பின் பெயரில் ‘.சிப்’ பின்னொட்டு இல்லை, அல்லவா? அங்கேதான் சிக்கல்.

எல்எஸ்ஸுக்கு டேப், பொருந்தும் பெயர்களையெல்லாம் காட்டுகிறது. அன்சிப்புக்கோ தனி விதி ஒன்று உண்டு. கட்டளைக்குக் கட்டளை இப்படி விதி எழுதும் வசதி 2000-இல் வந்த பாஷ் 2.04-இலிருந்தே இருக்கிறது, பாஷ்-கம்ப்ளீஷன் தொகுப்பு அதை வைத்து நூற்றுக்கணக்கான கட்டளைகளுக்கு விதி எழுதி வைத்திருக்கிறது. “கம்ப்ளீட் -பி அன்சிப்” என்று கொடுங்கள். விடையில் ‘ஃபைல்டிர்_எக்ஸ்ஸ்பெக்’ என்று முடியும் பெயர் தெரிந்தால், பின்னொட்டைப் பார்த்துச் சல்லடை போலச் சலிக்கிறது என்று பொருள். கோப்புறைகளை மட்டும் சலிக்காமல் விடும், உள்ளே சிப் இருக்கலாம் என்பதால். கோப்பு சலிப்பில் விழுந்தபின் மிஞ்சியது கோப்புறை ஒன்றுதான்.

அது கோப்பைத் திறந்து பார்ப்பதில்லை, பெயரை மட்டுமே பார்க்கிறது. ‘.ஜார்’, ‘.ஈபப்’, ‘.ஏபிகே’ எல்லாம் உள்ளுக்குள் சிப்தான் என்பதால் அவற்றையும் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அவ்வளவு யோசித்தவர்கள் பின்னொட்டே இல்லாத கோப்பை மறந்துவிட்டார்கள் என்பது என் மனத்தாங்கல்.

உடனடி வழி: டேப்புக்குப் பதில் ஆல்ட்டையும் சாய்கோட்டையும் சேர்த்து அழுத்துங்கள். விதிகளை ஒதுக்கிவிட்டு வெறும் கோப்புப் பெயராக நிரப்பும். ஆல்ட்டை முனையமே எடுத்துக்கொண்டால், எஸ்கேப்பை அழுத்தி விட்டுவிட்டுச் சாய்கோட்டை அழுத்துங்கள்.

முனையவாசி:
நீங்கள் சொன்ன பெயரேதான் வந்தது. ஆல்ட்-சாய்கோடும் வேலை செய்கிறது. அன்சிப்புக்கு மட்டும் இந்தச் சலிப்பை நிரந்தரமாக நீக்க முடியுமா?

பழைய_ஷெல்:
பாஷ் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பின் கடைசியில் “கம்ப்ளீட் -ஓ டிஃபால்ட் அன்சிப்” என்ற வரியைச் சேருங்கள். பாஷ்-கம்ப்ளீஷனை ஏற்றும் வரிக்குக் கீழே இருக்க வேண்டும்; மேலே போட்டால் பின்னால் வருவது அழித்து எழுதிவிடும். முழுத் தொகுப்பையும் அகற்றச் சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். கிட் (நிரல் பதிப்புகளைக் காக்கும் கருவி) கிளைப் பெயர்களை டேப்பில் தரும் விதியையும் பல லினக்ஸ்களில் அதே தொகுப்புதான் ஏற்றுகிறது.

கருந்திரை:
எனக்கு இது புதிது. இதே கையோடு ஒன்று: கோப்புறை மாற்றும் “சிடி” தட்டி டேப் அழுத்தினால் இந்த இடத்திலேயே இல்லாத கோப்புறைப் பெயர்கள் வருகின்றன. அதுவும் இதன் வேலையா?

பழைய_ஷெல்:
பாதி. சிடிபாத் மாறியில் ஏதாவது இடம் கொடுத்திருப்பீர்கள்; அங்கே உள்ள கோப்புறைகளையும் சேர்த்துக் காட்டுகிறது. “எக்கோ” கொடுத்து அதன் மதிப்பைப் பாருங்கள். இங்கே உள்ளவை மட்டும் போதுமென்றால் பெயருக்கு முன் “./” தட்டிவிட்டு டேப் அழுத்துங்கள்.

கருந்திரை:
ஆமாம், வீட்டுக் கோப்புறையைக் கொடுத்து வைத்திருந்தேன். நீக்கிவிட்டேன்.