நல்லவனாக எழுதினால் ஆள் ஏன் மனதில் ஒட்டவே மாட்டேன் என்கிறான்?

மெட்டுக்காற்று (குமுளி)

குறும்படம் ஒன்றுக்குக் கதை எழுதி வைத்திருக்கிறேன், பதினைந்து நிமிடம் வரும். நாயகன் ஒரு ஜீப் டிரைவர். கம்பத்தில் விடியற்காலை ஆள் ஏற்றி, மெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருகிறவன். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம், தினமும் செக்போஸ்ட்டில் பார்க்கிற காட்சிதான். என் டிரைவர் குடிக்க மாட்டான், பெண்களிடம் மரியாதையாகப் பேசுவான், ஒருநாள் வேலைக்கு வந்த அக்காவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றுகிறான். நாலு பேரிடம் படிக்கக் கொடுத்தேன். நாலு பேரும் பேசி வைத்த மாதிரி ஒன்றையே சொன்னார்கள்: கதை சரி, ஆனால் இவன் யார் என்றே தெரியவில்லை.

எனக்குக் குழப்பம் இதுதான். 2013இல் 'திருஷ்யம்' வந்தபோது மலையாளத்தில் பார்த்தேன், 2015இல் 'பாபநாசம்' ஆகி வந்ததும் வீட்டோடு போய்ப் பார்த்தோம். அதில் கேபிள் டிவி நடத்துகிற ஜார்ஜ்குட்டியும் குடும்பத்துக்காக வாழ்கிற நல்ல மனிதன்தானே? அவன் மட்டும் எப்படி ஒட்டிக்கொண்டான்? இன்னொரு பக்கம் 'நண்பகல் நேரத்து மயக்கம்' படத்தின் ஆரம்பத்தில் வருகிற மலையாளி ஜேம்ஸைப் பாருங்கள். வேளாங்கண்ணியில் இருந்து திரும்புகிற வழியில் தமிழ்நாட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்கிறான், எல்லோரிடமும் சிடுசிடுக்கிறான். நம்மை மட்டம் தட்டுகிறவன் மேல் எனக்குக் கோபம்தான் வரவேண்டும். ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. பிடிக்காதவனை இப்படிப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம், நல்லவனைப் பார்த்தால் கொட்டாவி வருகிறது. என்ன கணக்கு இது?

கேபிள்காரன் (கூடலூர்)

தம்பி, நான் பன்னிரண்டு வருடம் கேபிள் லைன் வைத்திருந்தவன். அதனால் ஜார்ஜ்குட்டியைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அவன் ஒட்டிக்கொண்டது நல்லவன் என்பதால் இல்லை. முதல் ஒரு மணி நேரத்தில் அவன் என்ன செய்கிறான்? வீட்டில் கார் கேட்டால் வாங்கித் தர மாட்டான், காசு செலவழிக்கச் சொன்னால் முகம் மாறும், ராத்திரி வீட்டுக்குப் போகாமல் ஆபீசிலேயே உட்கார்ந்து படம் பார்ப்பான். தியேட்டரில் என் பக்கத்தில் இருந்தவர் இடைவேளைக்கு முன்னாலேயே, என்னய்யா கதையே ஆரம்பிக்கவில்லை என்று நெளிந்தார். ஆனால் எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, எழுதியவர் கேபிள் ஆபீசுக்குள் ஒருநாளாவது உட்கார்ந்திருக்க வேண்டும். லோக்கல் சேனலில் படம் ஓடினால் யாராவது ஒருவர் காவல் இருக்க வேண்டும், நடுவில் நின்றுபோனால் ஊரே போன் அடிக்கும். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்து நானே எத்தனை நூறு படம் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. நாலாம் வகுப்போடு நின்ற ஜார்ஜ்குட்டிக்கு அந்த மாதிரி ராத்திரிகள்தான் பள்ளிக்கூடம். முதலில் நாம் சிரித்த அதே பழக்கத்தை வைத்துத்தான் பிற்பாதியில் ஒரு கொலை வழக்கில் இருந்து குடும்பத்தைக் காப்பாற்றப் போலீசையே சுற்றவிடுகிறான். கண்ணால் கண்டதாக மனிதர்கள் நம்புவது எப்படி என்று அவனுக்குத் தெரியும், ஏனென்றால் அவன் வாழ்க்கை முழுக்கப் படம் பார்த்தவன். அந்தக் கஞ்சத்தனத்தையும் சினிமாப் பைத்தியத்தையும் வெட்டிவிட்டுப் பாருங்கள், மிச்சம் இருப்பது வெறும் 'நல்ல அப்பா'. பக்கத்து வீட்டிலும் இருப்பார், எதிர் வீட்டிலும் இருப்பார்.

ஒரு டிரைவருக்கு மட்டும் தெரிந்த விஷயம் எதாவது உங்கள் டிரைவருக்குத் தெரிகிறதா? இல்லை என்றால் அவனை ஜீப்பில் இருந்து இறக்கிப் பெட்டிக்கடையில் உட்கார வைத்தாலும் கதை அப்படியே ஓடும். அதுதான் கோளாறு.

சுவரொட்டி (நகரி)

எங்கள் ஊரில் வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, தியேட்டரில் இரண்டும். 'பாகுபலி' முதல் பாகம் 2015இல் வந்துவிட்டு இரண்டாம் பாகம் 2017இல் வந்தது. அந்த இரண்டு வருடமும் டீக்கடையில் யாரைப் பற்றிப் பேச்சு? மலையைத் தூக்குகிற மாதிரி தோள் வைத்திருந்த இளவரசனைப் பற்றி இல்லை, கட்டப்பாவைப் பற்றி. ஏன் கொன்றான், ஏன் கொன்றான் என்று. இளவரசன் என்ன செய்வான் என்று எல்லோருக்கும் தெரியும், சரியானதைத்தான் செய்வான். கட்டப்பா அப்படி இல்லை. சிம்மாசனத்துக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம் இழுக்கிறது, கையில் தூக்கி வளர்த்த பிள்ளை இன்னொரு பக்கம் இழுக்கிறது. ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று போகும். உங்கள் டிரைவருக்கு ஆஸ்பத்திரிக்குப் போவதில் என்ன நஷ்டம்? ஒன்றும் இல்லையே. அப்புறம் எதற்கு நான் பதற வேண்டும்?

ஒத்தையடிப்பாதை (செங்கோட்டை)

எழுத்து எழுத்து என்கிறீர்கள், எனக்குச் சம்மதம் இல்லை. எல்லாம் நடிகன் கையில்தான் இருக்கிறது. 'எதிர்நீச்சல்' சீரியலில் வீட்டுப் பெண்களை அதட்டி அடக்குகிற ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் இறந்துபோனார். வீடும் அதேதான், கதையும் அதேதான், அடுத்து வந்தவரும் சாதாரண ஆள் இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் பழைய உற்சாகம் போய்விட்டது. அந்த "இந்தாம்மா ஏய்" காகிதத்தில் வெறும் இரண்டு வார்த்தை. அவர் வாயில் வந்ததால்தான் ஊர் முழுக்கப் பரவியது. எழுதினவர் அதற்கு எப்படிப் பொறுப்பு ஏற்க முடியும்?

தையல்மிஷின் (பாறசாலை)

செங்கோட்டை அண்ணன் சொல்வது பாதி சரி. நான் அந்த சீரியலைத் தைத்துக்கொண்டே, காதில் கேட்டுத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்த்தது கம்மி. அப்படியும் குணசேகரன் எனக்குப் பிடிபட்டான். எப்படி? அவன் அதட்டுகிற ஒவ்வொரு தடவையும் அதற்குள் ஒரு பயம் கேட்கும். அப்பத்தா பெயரில் இருக்கிற அந்த 40 சதவீதச் சொத்து கைவிட்டுப் போய்விடுமோ, வீட்டுப் பெண்கள் நாலு பேரும் ஒன்றாகச் சேர்ந்துவிடுவார்களோ என்று. பயமில்லாத வில்லன் என்றால் இரண்டாவது வாரமே நான் சத்தத்தைக் குறைத்திருப்பேன். பயந்தவன் வீட்டில் கத்துவான், இது எங்கள் தெருவிலேயே மூன்று வீட்டில் நடக்கிறது. தினமும் அரை மணி நேரம் வரவேற்பறைக்கு வருகிற ஆள், நமக்குத் தெரிந்த யாருடைய சாயலாவது அடிக்க வேண்டும். வசனத்தைச் சொன்னது நடிகர், சரி. அந்தப் பயத்தை உள்ளே வைத்தது எழுதினவர்தானே?

ஜேம்ஸ் விஷயமும் இதுதான் என்று நினைக்கிறேன் தம்பி. மதியத் தூக்கத்தில் இருந்து எழுந்து, பஸ்ஸை நிறுத்தி, சோளக்காட்டு வழியே நடந்துபோய், தெரியாத ஊரில் சுந்தரம் என்கிறவனுடைய வீட்டுக்குள் தன் வீடு மாதிரி நுழைகிறான். முதலில் அவன் அவ்வளவு சிடுசிடுத்திருக்காவிட்டால் இந்த மாற்றம் நம் நெஞ்சில் விழுந்திருக்காது. தமிழ்ச் சாப்பாடே பிடிக்காதவன் தமிழில் பேசிக்கொண்டு அந்த வீட்டுக்காரனாக நடமாடுகிறான். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

மெட்டுக்காற்று (குமுளி)

எல்லோருக்கும் நன்றி. கேபிள் அண்ணன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை என்பதுதான் உண்மை. குமுளியிலேயே பிறந்து வளர்ந்தும் அந்த ஜீப்பில் ஒருநாள்கூட ஏறியதில்லை. ரோட்டு ஓரம் நின்று பார்த்ததுதான்.

காய்கூடை (கம்பம்)

நான் ஆறு வருடம் அந்த ஜீப்பில் போனவள், அதனால் சொல்கிறேன். எங்கள் டிரைவரை நல்லவன் என்று யாரும் சொல்ல மாட்டோம். தோட்டத்தில் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவான், எங்களிடம் குறைத்துச் சொல்லுவான். அது எங்களுக்கும் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். ஒருத்தி வராவிட்டால் அவனுக்குத் துட்டு போய்விடும், அதனால் வாசலில் நின்று ஹாரனை அமுக்கிக்கொண்டே இருப்பான், தெருவே எழுந்துவிடும். "நாளையில் இருந்து உனக்கு வண்டி கிடையாது" என்று கத்துவான், மறுநாள் அதே வாசலில் அதே ஹாரன். கொண்டை ஊசி வளைவில் யாருக்கு வாந்தி வரும் என்று தெரிந்து அவளை ஓரத்தில் உட்கார வைப்பான், அதுவும் பாசத்தில் இல்லை, வண்டி கழுவ வேண்டுமே என்று. எந்த வீட்டில் ராத்திரி அடிதடி நடந்தது என்பது ஏறுகிற விதத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு மட்டும் பாட்டுப் போட மாட்டான். கேட்டால், ஸ்பீக்கர் ரிப்பேர் என்பான்.

ஒருநாள் திரும்பி வரும்போது எங்களில் ஒருத்தி மயங்கி விழுந்துவிட்டாள். மிச்சப் பேரை அங்கங்கே இறக்கிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான், விடிய விடிய வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், அவள் புருஷன் வந்து சேர்ந்த பிறகுதான் கிளம்பினான். மறுநாள் காலையில் ஜீப்பில் ஏறினதும் முதல் வேலையாக எங்களிடம் டீசல் காசு கேட்டான். நாங்களும் திட்டிக்கொண்டே ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தோம்.

மெட்டுக்காற்று (குமுளி)

அக்கா, அந்த டீசல் காசை என் கதையில் வைத்துக்கொள்ளட்டுமா? ராத்திரி முழுக்கக் காத்திருந்துவிட்டுக் காலையில் 300 ரூபாய் கேட்கிறான் என்று.

காய்கூடை (கம்பம்)

வைத்துக்கொள் தம்பி. ஆனால் 300 இல்லை, 280. அவன் அப்படித்தான் கேட்டான்.