கிளாவர் எப்படி வௌவால் ஆனது? மலேசியாவிலிருந்து மூவரின் சீட்டுக்கட்டு அனுபவங்கள்

பட்டர்வொர்த்திலிருந்து:

எங்கள் வீட்டில் சீட்டுக்கட்டு இறங்காத தீபாவளி ராத்திரி கிடையாது. காசு வைப்பதில்லை. தோற்றவர் எல்லாருக்கும் தேநீர் போட வேண்டும், அவ்வளவுதான். மூன்று வருடத்துக்கு முன் விருந்துக்கு வந்த பக்கத்து வீட்டு மலாய்க்கார மாமா (பக்சிக் என்போம்), முறுக்கைக் கடித்துக்கொண்டே எங்களோடு பாயில் உட்கார்ந்துவிட்டார். துருப்பு சொல்லும் முறை அவருக்கு வந்தது. கையை விரித்துப் பார்த்தவர், "கெலாவார்" என்றார்.

என் அக்கா மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் பள்ளியில் படித்த மலாயில் கெலாவார் என்றால் வௌவால். "சீட்டில் வௌவால் எங்கே இருக்கு, பக்சிக்?" அவர் ஒரு சீட்டை உருவி அவள் முன் வைத்து, கறுப்பு மூவிலையைத் தொட்டுக் காட்டினார். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "அட, நாம சொல்ற கிளாவர்தானே அது!" என்றார்.

அம்மா சொன்னது முழுக்கச் சரி என்று அப்புறம் தேடிப் படித்தபோது தெரிந்தது. ஆங்கிலேயர் இந்த இனத்தைக் கிளப் என்பார்கள். கிளாவர் டச்சுக்காரர் சொல். மூவிலைப் புல்லுக்கும் சீட்டுக்கும் அவர்களுக்கு அதே பெயர்தான். அவர்கள் 1641இல் மலாக்காவைப் பிடித்தார்கள், 1658இல் நாகப்பட்டினத்தை. வங்கக் கடலின் இரண்டு கரையிலும் ஒரே சொல்லை விட்டுப் போயிருக்கிறார்கள். இந்தக் கரையில் அது வௌவாலின் பெயரோடு கலந்துவிட்டது. நம் ஆர்ட்டினும் டச்சு 'ஹார்ட்டன்'தான். மலாய்க்காரர் டைமண்டுக்குச் சொல்லும் ரெத்தினும் அங்கிருந்து வந்ததே. சீட்டுக்கு அவர்கள் 'டாவுன் தெருப்' என்பார்கள். அந்தத் தெருப்புக்கும் நம் துருப்புக்கும் அடியில் இருப்பது வெற்றியைக் குறிக்கும் ஓர் ஐரோப்பியச் சொல்.

என்னை அசரவைத்தது இஸ்பேட்தான். போர்த்துகீசிய மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் எஸ்பாடா என்றால் வாள். ஆங்கிலத்தில் ஸ்பேடு என்றால் மண்வெட்டி, ஆனால் சீட்டின் பெயர் அதிலிருந்து வந்ததில்லை. இஸ்தான்புல்லின் தோப்காப்பி அரண்மனையில் எகிப்தின் மம்லூக்கியர் காலத்துச் சீட்டுகள் இருக்கின்றன. கோப்பை, காசு, வாள், போலோ கோல் என்று நான்கு இனம். இனத்துக்கு 13, முழுக்கட்டுக்கு 52. நாங்கள் பாயில் பரப்பிவைத்த கணக்கு அப்படியே! அன்றிலிருந்து இஸ்பேட் இறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாள்தான் ஞாபகம் வருகிறது.

ஜார்ஜ்டவுனிலிருந்து:

அப்பாவின் கடைக்கு அடுத்த வீட்டில் ஒரு வயதான நோன்யா அம்மா, அதாவது மலாய்ப் பழக்கங்கள் கலந்த சீனக் குடும்பத்துப் பெண்மணி, இருந்தார். மதியத்தில் தோழிகளோடு செர்க்கி என்ற சீட்டாட்டம் ஆடுவார். சீட்டுகள் ஒடுக்கமாக, நீளமாக இருக்கும். கறுப்புக் கோடுகள், சிலவற்றில் சிவப்பு முத்திரை. எனக்கு ஒன்றும் பிடிபடாது. ஒருநாள் மூன்று சீட்டுகளை என் உள்ளங்கையில் வைத்து விளக்கினார். ஒன்று காசு. இன்னொன்று காசுகளைக் கோத்த சரம். மூன்றாவது பத்தாயிரம். சீனர்களின் பழைய சீட்டில் எல்லாமே பணம்தான். மாஜோங் என்ற சீன ஆட்டத்தின் காய்களில் இருப்பதும் இதே மூன்று. அதில் மூங்கில் என்று நாம் சொல்வது உண்மையில் அந்தக் காசுச் சரம். எத்தனை வருடம் மாஜோங் பார்த்திருக்கிறேன், யாரும் இதைச் சொன்னதில்லை.

செந்தூலிலிருந்து:

தாத்தா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். அவர் வைத்திருந்த கட்டு இங்கிலாந்தில் அச்சானது. ஓரமெல்லாம் பஞ்சாகப் பிரிந்திருக்கும். ஒட்டாமல் வழுக்குவதற்காகக் குட்டிகுரா பவுடர் தூவித் துடைப்பார். இப்போது திறந்தாலும் அந்த வாசம்தான்.

இஸ்பேட் ஏஸ் மட்டும் ஏன் இவ்வளவு பெரிசாக, பூவேலையோடு இருக்கிறது என்று சின்ன வயதில் கேட்டேன். "அது ராஜா முத்திரைடா" என்றார். குழந்தைக்குச் சொன்ன கதை என்றே நினைத்திருந்தேன். கதை இல்லை. இங்கிலாந்தில் 1711 முதல் சீட்டுக்கட்டுக்கு வரி கூடியது. பிற்பாடு, வரி கட்டியதற்கு அடையாளமாக அந்த ஒரு சீட்டை மட்டும் அரசாங்கமே அச்சிட ஆரம்பித்தது. அதைக் கள்ளத்தனமாக அச்சிட்டால் மரண தண்டனை. ரிச்சர்ட் ஹார்டிங் என்பவரை 1805இல் தூக்கில் போட்டே விட்டார்கள், ஒரு சீட்டுக்காக. அந்த வரி 1960 வரை இருந்தது. வரி போனபிறகும் பூவேலை போகவில்லை.

தாத்தாவின் கட்டில் டைமண்ட் நாலு எப்போதோ தொலைந்துவிட்டது. ஒரு ஜோக்கரின் மேல் சிவப்புப் பேனாவால் நாலு டைமண்டை அவரே வரைந்து வைத்திருக்கிறார். நாங்கள் இன்றும் அந்தக் கட்டில்தான் ரம்மி ஆடுகிறோம்.