ஹானா கடலோரச் சாலை: அம்மாவுடன் முழுநாள் பேருந்துச் சுற்றுலா செல்ல ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். ஹவாயின் மாவி தீவுக்கு அம்மாவுடன் செல்லவிருக்கிறேன். அங்குள்ள ஹானா என்ற ஊர் வரையிலான கடலோரச் சாலையில் ஏறத்தாழ 620 வளைவுகளும் 59 பாலங்களும் உள்ளன என்பதாலும், அப்பாலங்களில் பெரும்பாலானவற்றில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் செல்ல முடியும் என்பதாலும், நானே கார் ஓட்டினால் அருவியையோ கடலையோ ஏறிட்டுக்கூடப் பார்க்க முடியாது. எனவே வழிகாட்டியுடன் செல்லும் முழுநாள் சிற்றுந்துச் சுற்றுலாவையே விரும்புகிறேன்.

கவலையெல்லாம் அம்மாவைப் பற்றித்தான். சென்ற ஆண்டு ஒரு மலைப்பாதையில், பத்தாவது வளைவு வருவதற்குள் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறிக் கீறி முகர்ந்தே தீர்த்துவிட்டார். முன்வரிசை இருக்கையை முன்கூட்டியே கேட்டுப் பெற முடியுமா? கழிப்பறைக்காக வண்டியை எத்தனை இடங்களில் நிறுத்துவார்கள்? வையானாபானாபா பூங்காவின் கருமணல் கடற்கரைக்கு ஹவாயில் வசிக்காத பயணிகள் முன்பதிவு செய்தாக வேண்டும். அதைச் சுற்றுலா நடத்துபவர்களே பார்த்துக்கொள்வார்களா, முழங்கால் வலியுள்ளவர் மணல்வரை இறங்க முடியுமா என்பதையும், வந்த வழியே திரும்பும் வண்டி நல்லதா, ஹாலேயாகாலா எரிமலையின் தென்புறமாகத் தீவைச் சுற்றி வரும் வண்டி நல்லதா என்பதையும் சென்று வந்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.