மேட்டுத்தெரு பையன் மேல பழி போடாதீங்க

எல்லாருக்கும் வணக்கம். பட்டாளத்துல இருக்கற நம்ம மேட்டுத்தெரு பையன பத்தி நம்ம ஊர் சங்கத்துல எல்லாரும் எழுதறத படிச்சிக்கினே இருந்தேன், இதுக்கு மேல சும்மா இருக்க மனசு வரல. பெத்தவ ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிட்டு உக்காந்திருக்கா, அவள விட்டுட்டு போனவன் இன்னா புள்ளன்னு துபாய்லேர்ந்து அண்ணன் கேட்டிருக்காரு. அண்ணா, உங்க மேல மரியாத இருக்கு, ஆனா இது நியாயமில்ல.

2025 மே 7ஆம் தேதி விடிகாலைல பாகிஸ்தான் மேல நம்ம படைங்க ஆபரேஷன் சிந்தூர்னு தாக்குதல் நடத்துச்சு, லீவுல வந்திருந்தவனுக்கு யூனிட்லேர்ந்து போன், மறுநாளே காட்பாடில ரயிலேறிட்டான். 10ஆம் தேதி சண்ட நின்னுபோச்சு, அதனால அவசரப்பட்டுட்டான்னு இப்ப சொல்றோம். அவன் ரயிலேறும்போது அது யாருக்குத் தெரியும்?

வருஷத்துக்கு 60 நாள் ஆனுவல் லீவு, 30 நாள் கேஷுவல் லீவுன்னு இருந்தாலும் கூப்புட்டா போயே ஆகணும். 1950ஆம் வருஷ ஆர்மி ஆக்ட் 39ஆம் பிரிவுல இருக்கு, லீவுல இருக்கறவன் தன்னோட படைக்கு போர்ப்பணிக்கு ஆர்டர் வந்தது தெரிஞ்சும் தக்க காரணமில்லாம உடனே போய்ச் சேரலன்னா 3 வருஷம் வரைக்கும் ஜெயில். அம்மா ஆபரேஷன் தக்க காரணம்தானே, கேட்டிருக்கலாமேன்னா, கேட்டிருக்கலாம், குடுத்தும் இருப்பாங்க. அவன் கேக்கல. நான் போன்ல பேசினப்ப சொன்னான், "எங்க பீரங்கிக்கு ஆறு பேருண்ணா, நான் போகலன்னா என் வேலையும் அந்த அஞ்சு பேர் தலைலதான் விழும், அவங்களுக்கும் வீட்ல அம்மா இருக்காங்க இல்ல". ஜெயிலுக்கு பயந்து போனவன் பேச்சா இது?

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்ட தாண்டிப் போகாதவங்க நம்மள்ல யாருமில்ல. அதுல ஒரு கல்வெட்டு இருக்கு, 1914ல ஆரம்பிச்ச முதல் உலகப்போருக்கு 277 பேர் போனாங்க, 14 பேர் உயிர விட்டாங்கன்னு. அந்த 277 வீட்லயும் வயசானவங்க இருந்திருப்பாங்க, யாரோ கஞ்சி ஊத்தி பாத்துக்கினு இருந்திருப்பாங்க, அவங்க கணக்கு எந்தக் கல்லுலயும் இல்ல. இன்னிக்கும் வேலூர் பக்கத்துல இருக்கற கம்மவான்பேட்டைல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு போறாங்கன்னா, பின்னாடி ஊரு பாத்துக்கும்ன்ற தைரியம் இல்லாம அது நடக்குமா?

நாமளும்தான் பெத்தவங்கள விட்டுட்டு வந்தோம். திர்ஹாமுக்கும் டாலருக்கும் வந்தோம், பொழப்பு அது, தப்பில்ல. நம்மள யாரும் அம்மாவா வேலையான்னு நிக்க வெச்சு கேக்கல, ஏர்போர்ட் வரைக்கும் வந்து வழியனுப்பினாங்க. அவன மட்டும் ஏன் கேக்கறோம்? நாடா வீடான்னு அவன் ஒருத்தனே பாரத்த தூக்கினா ரெண்டுல ஒண்ணு கீழதான் விழும், வீட்ட நாம தூக்கிக்கலாம்.

அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுடுச்சு, ஆனா வாரா வாரம் டிரெஸ்ஸிங்குக்கு கணியம்பாடிலேர்ந்து வேலூர் போய்வரணும், கூட ஆள் இல்ல. இந்த வியாழக்கிழமை என் தம்பி ஆட்டோ வெச்சு கூட்டிக்கினு போறான். அடுத்த வாரத்துக்கு பெங்களூர்ல இருக்கறவங்க யாராவது வர முடியுமா பாருங்க. ராத்திரி துணைக்கு எங்க சித்தி போய் படுத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. மருந்து செலவ சங்கத்துலேர்ந்து குடுக்கலாம்னு பொருளாளர் அண்ணன் ஒரு வார்த்த சொல்லிட்டா போதும், துபாய் அண்ணா, நீங்களும் அந்த அம்மாவுக்கு ஒரு போன் போட்டு பேசுங்க.